இரண்டு தேதிகள்: பாசிசம் பனிப்போருக்கு விட்டுச்சென்றவை

1945 மார்ச் 8. சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில், ஏரிக்கரைப் பக்கமாக இருந்த ஒரு வீட்டில் இருவர் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் ஆலன் டல்லஸ்; அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்புக்கு பெர்ன் நகரப் பொறுப்பாளர். மற்றவர் கார்ல் வோல்ஃப், இத்தாலியிலிருந்த எஸ்.எஸ். படைகளுக்குத் தலைவர், அதற்கு முன் பல ஆண்டுகள் ஹிம்லரின் வலக்கையாக இருந்தவர். வட இத்தாலியிலிருந்த ஜெர்மன் படைகளைச் சரணடைய வைக்க முடியுமா என்பதுதான் பேச்சு. மார்ச் 19 அன்று அஸ்கோனா என்ற சிற்றூரில் அடுத்த சந்திப்பு நடந்தது. அதற்கு அமெரிக்கத் தளபதி லைமன் லெம்னிட்சரும் பிரிட்டிஷ் தளபதி டெரன்ஸ் ஏரியும் பெயரை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இடையில், மார்ச் 12 அன்று மாஸ்கோவுக்குத் தகவல் சொல்லப்பட்டது. சோவியத் அதிகாரிகளும் உடனிருக்க வேண்டும் என்றார் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலட்டோவ். இது போர்முனைத் தளபதிகளின் விஷயம், பேச்சு நடத்த அல்ல, நேரம் குறிக்கத்தான் சந்திக்கிறோம் என்று அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்டாலின் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் மரியாதைக்கான பூச்சுகூட இல்லை. ஜெர்மானியர் மேற்கு முனையைத் திறந்துவிடுகிறார்கள், பதிலுக்கு அவர்களுக்குச் சலுகை பேசப்பட்டிருக்கிறது என்று நேராகவே குற்றம் சாட்டினார். ரூஸ்வெல்ட் கொதித்துப் பதில் எழுதினார். பிறகு சற்று ஆறி, இது சிறிய மனத்தாங்கல், முடிந்துபோனது என்று இன்னொரு செய்தி அனுப்பினார். 'சிறிய' என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று மாஸ்கோவிலிருந்த தூதர் ஹாரிமன் கேட்டபோது ரூஸ்வெல்ட் மறுத்தார். ஏப்ரல் 12 அன்று அவர் இறந்துபோனார்.

நான்கு ஆண்டுகள் ஒரே எதிரியோடு போரிட்டவர்கள், வெற்றிக்குச் சில வாரங்களே இருக்கும்போது, ஒரு எஸ்.எஸ். தளபதியை நடுவில் வைத்து இப்படிச் சந்தேகப்பட்டார்கள். இந்தக் கடிதங்களை வாசிக்கும் ஒவ்வொரு முறையும், பனிப்போரின் தொடக்கத்தை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிலர் அதை 1917 புரட்சியில் தொடங்குகிறார்கள். சிலர் யால்டா மாநாட்டில். சிலர் சர்ச்சிலின் 1946 ஃபுல்டன் உரையில். கொள்கைப் பகை 1917இல் பிறந்தது உண்மை. ஆனால் இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்தன, எதற்குப் பயந்தன, எந்தச் சொல்லால் ஏசின, யாரை வேலைக்கு வைத்துக்கொண்டன என்பதெல்லாம் 1919க்கும் 1945க்கும் இடையில், பாசிசம் ஐரோப்பாவைக் குலைத்த காலத்தில் உருவானவை. அந்தக் காலத்திலிருந்து மேற்குலகம் ஒரு தேதியை நினைவில் எடுத்துக்கொண்டது: 1938 செப்டம்பர் 30. சோவியத் ஒன்றியம் வேறொரு தேதியை எடுத்துக்கொண்டது: 1941 ஜூன் 22.

போ சமவெளியின் லாரிகள்

1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செபொல்க்ரோ சதுக்கத்தில் முசோலினி தன் இயக்கத்தைத் தொடங்கியபோது அதைப் பொருட்படுத்தியவர் குறைவு. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் மிலானில் அவருக்கு 5,000 வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. சோஷலிஸ்ட் கட்சி 156 இடங்கள் பெற்று நாட்டின் பெரிய கட்சியானது. 1920 செப்டம்பரில் வடக்கு இத்தாலியின் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி உள்ளே அமர்ந்தார்கள். போ ஆற்றுச் சமவெளியில் கூலி விவசாயிகளின் சங்கங்கள், யாரை வேலைக்கு எடுப்பது, என்ன கூலி என்பதை நிலக்கிழார்களுக்கே சொல்லும் அளவுக்கு வளர்ந்திருந்தன.

பாசிசம் உயிர்பெற்றது அந்தச் சமவெளியில்தான். ஃபெராரா, பொலோனியா, க்ரெமோனா வட்டாரங்களின் நிலக்கிழார்கள் பணமும் லாரியும் கொடுத்தார்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்களும் நடுத்தர வீட்டு மாணவர்களும் கறுப்புச் சட்டை அணிந்து, இரவில் ஊர் ஊராகப் போய்ச் சங்கக் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். பிடிபட்டவர்களைத் தடியால் அடித்து, வாயில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். இவற்றைத் தொகுத்து எழுதிய ஆஞ்செலோ தாஸ்காவின் கணக்குப்படி, 1921இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 700க்கு மேற்பட்ட சங்க அலுவலகங்கள், கூட்டுறவுக் கடைகள், அச்சகங்கள், படிப்பகங்கள் அழிக்கப்பட்டன. போலீஸ் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றது. இதே மாதங்களில், 1921 ஜனவரியில், லிவோர்னோ மாநாட்டில் இத்தாலிய இடதுசாரிகள் சோஷலிஸ்டுகளாகவும் கம்யூனிஸ்டுகளாகவும் பிரிந்தார்கள். கொளுத்தப்படுகிற வீட்டுக்குள் பாகப்பிரிவினை நடந்தது.

பழைய அரசியல்வாதிகள் முசோலினியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். 1921 மே மாதத் தேர்தலில் அப்போதைய பிரதமர் ஜொலித்தி தன் கூட்டணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பாசிஸ்டுகள் 35 பேர் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள். 1922 அக்டோபர் 28 அன்று 'ரோம் நோக்கி அணிவகுப்பு' வந்தபோது, பிரதமர் ஃபக்தா இராணுவச் சட்டத்துக்கான ஆணையைத் தயாரித்துக்கொண்டு போனார். மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போடவில்லை. முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் ரோமுக்கு வந்து பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது 39.

வெளியுலகம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பது பின்னால் வரப்போகிற கதைக்கு முக்கியம். 1925இல் அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கி இத்தாலிக்கு 10 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தது. 1927 ஜனவரியில் ரோமுக்குப் போன சர்ச்சில், லெனினியத்துக்கு எதிரான முசோலினியின் போராட்டத்தைப் பத்திரிகையாளர் முன் மெச்சிப் பேசினார். மாஸ்கோவும் கைகழுவி நிற்கவில்லை. 1924 பிப்ரவரியில் சோவியத் அரசை அங்கீகரித்த முதல் மேற்கு நாடுகளில் முசோலினியின் இத்தாலி ஒன்று. 1933இல் இரு நாடுகளும் நட்புறவு ஒப்பந்தமே செய்துகொண்டன. ஆகவே பாசிசத்தோடு கைகுலுக்கியவர் யார் என்று பின்னாளில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கேட்டபோது, இரு தரப்பிடமும் சான்று இருந்தது.

ஜெர்மனியின் கதையை இங்கே ஒரே ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் 33.1 சதவீத வாக்கும் 196 இடங்களும் பெற்றார்கள். சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 37.3 சதவீதமும் 221 இடங்களும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒன்றாகக் கூட்டப்படவே முடியாத எண்கள். 1928 முதல் கம்யூனிஸ்ட் அகிலம் சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்றே அழைத்தது. 1919இல் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டபோது ஆட்சியிலிருந்த கட்சி அது என்ற வடு அந்த அழைப்புக்குப் பின்னால் இருந்தது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்ற சில மாதங்களில் இரு கட்சிகளின் தொண்டர்களும் ஒரே முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

கப்பலில் போனவர்களும் விமானத்தில் போனவரும்

1938 செப்டம்பர் 30 அதிகாலையில் மியூனிக்கில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினும் பிரெஞ்சுப் பிரதமர் தலாதியேயும் ஹிட்லரோடும் முசோலினியோடும் கையெழுத்திட்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுத்தார்கள். நாட்டை இழக்கிற செக் பிரதிநிதிகளைப் பேச்சு நடக்கும் அறைக்குள் விடவில்லை. அந்த நாட்டோடு 1935 முதல் பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருந்த சோவியத் ஒன்றியத்தை அழைக்கவே இல்லை. ஆறு மாதம் கழித்து, 1939 மார்ச் 15 அன்று, ஜெர்மன் படைகள் ப்ராக் நகருக்குள் நுழைந்தன. செக் ஆலைகள் ஹிட்லர் கைக்குப் போயின. 1940இல் பிரான்ஸுக்குள் பாய்ந்த டாங்கிகளில் ஒரு பகுதி அந்த ஆலைகளில் வார்த்தவை.

மேற்கில் மியூனிக் ஓர் ஊரின் பெயராக இல்லாமல் போய், கோழைத்தனத்துக்கான சொல்லாக மாறிவிட்டது. மாஸ்கோவில் அதே நிகழ்வு வேறு விதமாக வாசிக்கப்பட்டது: முதலாளித்துவ நாடுகள் ஹிட்லரைக் கிழக்கே திருப்பிவிடுகின்றன. இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை 1939 ஆகஸ்ட் காட்டிவிட்டது.

அந்த மாதம் பிரிட்டனும் பிரான்ஸும் மாஸ்கோவோடு இராணுவக் கூட்டணி பேசத் தூதுக்குழு அனுப்பின. பிரிட்டிஷ் குழுவின் தலைவர் அட்மிரல் டிராக்ஸ். 'சிட்டி ஆஃப் எக்ஸெட்டர்' என்ற மெதுவான கப்பலில் ஆகஸ்ட் 5 அன்று புறப்பட்டு, லெனின்கிராட் வழியாக 11 அன்றுதான் மாஸ்கோ சேர்ந்தார்கள். ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் தங்களுக்கு உண்டா என்று சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வோரஷீலோவ் கேட்டபோது, டிராக்ஸிடம் எழுத்துபூர்வமான ஆவணம் எதுவும் இல்லை. போலந்து வழியாகச் செஞ்சேனை கடக்க அனுமதி உண்டா என்ற கேள்விக்கும் பதில் இல்லை, போலந்து ஒப்பவில்லை. அதற்கு அந்த நாட்டுக்குத் தக்க காரணமும் இருந்தது. ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் வந்திறங்கினார். அன்றிரவே இரு நாடுகளின் போரிடாமை ஒப்பந்தம் கையெழுத்தானது, கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிடும் இரகசிய நெறிமுறையும் அதோடு சேர்ந்து. ஐசன்ஸ்டைனின் நாஜி எதிர்ப்புப் படமான 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' சோவியத் திரையரங்குகளிலிருந்து காணாமல் போனது. சோவியத் பத்திரிகைகள் ஜெர்மனியைக் குறித்து 'பாசிசம்' என்ற சொல்லைப் புழங்குவதை நிறுத்திக்கொண்டன.

இதை ஸ்டாலினின் சாமர்த்தியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேற்கு நாடுகள் அவரைத் தள்ளிவிட்டன என்பது பாதி உண்மை. போலந்தையும் பால்டிக் நாடுகளையும் அவர் விழுங்கியதை அது விளக்காது. கிடைத்த இரண்டு ஆண்டு அவகாசத்தையும் அவர் வீணடித்தார். 1941 ஜூன் 17 அன்று, ஜெர்மன் விமானப்படைத் தலைமையகத்துக்குள்ளேயே இருந்த ஆளிடமிருந்து வந்த தாக்குதல் எச்சரிக்கையின் மேல் வசைச்சொல் எழுதித் திருப்பினார். டோக்கியோவிலிருந்து சோவியத் ஒற்றர் ரிச்சர்ட் சார்கே அனுப்பிய செய்திகளையும் நம்பவில்லை. ஜூன் 22 விடியலுக்குச் சற்று முன்வரை சோவியத் தானியம் ஏற்றிய ரயில்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போய்க்கொண்டிருந்தன. விடியலில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட ஹிட்லரின் படையினர் எதிர்த்திசையில் வந்தார்கள்.

நான்கு ஆண்டுப் போரில் சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர் மாண்டார்கள். லெனின்கிராட் 872 நாட்கள் முற்றுகையில் பசித்துக் கிடந்தது. அமெரிக்காவின் இழப்பு நான்கு லட்சத்தைச் சற்றே தாண்டியது. உயிரை உயிரோடு எடைபோடுவதற்காக இந்த எண்களைச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் எல்லோரையும் பறிகொடுத்தவர் கதவுக்கு எத்தனை பூட்டுப் போடுவார் என்பதைப் பக்கத்து வீட்டார் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறேன். 1945க்குப் பின் போலந்து, ருமேனியா, ஹங்கேரி என்று ஸ்டாலின் பூட்டிய பூட்டுகளை அமெரிக்கா மியூனிக்கின் கண்ணாடி வழியாகப் பார்த்தது: இன்னொரு ஹிட்லர் நாடு நாடாக விழுங்குகிறான். மேற்கு ஐரோப்பாவில் அமெரிக்கா கட்டிய அரணை மாஸ்கோ ஜூன் 22இன் கண்ணாடி வழியாகப் பார்த்தது: இன்னொரு படை எல்லையில் திரள்கிறது. அந்தப் பூட்டுகளின் உள்ளே அகப்பட்டுக்கொண்ட போலந்து மக்களுக்கும் ஹங்கேரி மக்களுக்கும் இது ஆறுதலாகாது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஜூரிக் வீட்டுக்குத் திரும்பலாம். சோவியத் தலைவர்கள் அந்தப் பேச்சைத் தனி நிகழ்வாகப் பார்க்கவில்லை. 1942இல் வட ஆப்பிரிக்காவில் அமெரிக்கா, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசின் அட்மிரல் தர்லானோடு உடன்பாடு செய்துகொண்டது. 1943இல் முசோலினி வீழ்ந்ததும், எத்தியோப்பியப் போரை நடத்திய மார்ஷல் பதோலியோவோடு போர்நிறுத்தம் பேசியது. இத்தாலியை நிர்வகித்த நேசநாட்டு ஆணையத்தில் மாஸ்கோவுக்குப் பெயரளவுக்குத்தான் இடம். படை நிற்கும் இடத்தில் அந்தப் படைக்காரன் சொல்வதே சட்டம் என்ற வழக்கத்தை மேற்கு நாடுகள் இத்தாலியில் தொடங்கிவைத்தன. அடுத்த ஆண்டு ருமேனியாவில் ஸ்டாலின் அதே வழக்கத்தை அப்படியே எடுத்தாண்டார். பாசிசம் முதலில் எழுந்த நாடே, பாசிசத்துக்குப் பிந்தைய ஐரோப்பாவைக் கூறுபோடும் முறைக்கும் முன்மாதிரியானது.

சொற்களின் பயணம்

'முற்றதிகாரம்' என்று நாம் தமிழில் சொல்லிப் பார்க்கிற, ஆங்கிலத்தில் 'டோட்டலிடேரியன்' என்று வழங்குகிற சொல்லை 1923 மே மாதம் எழுதியவர் ஜொவானி அமெந்தோலா, இத்தாலிய தாராளவாதி. உள்ளாட்சித் தேர்தல்களில் பாசிஸ்டுகள் பெரும்பான்மைப் பட்டியலையும் தாங்களே போட்டு, சிறுபான்மைக்கு ஒதுக்கிய பட்டியலையும் தாங்களே போட்டார்கள். எல்லாவற்றையும் தானே நிரப்பிக்கொள்ளும் இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் அது. இரண்டே ஆண்டில் முசோலினி அதைப் பெருமையாக எடுத்துச் சூடிக்கொண்டார். 1925 ஜூலையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் அமெந்தோலாவை வழிமறித்து அடித்தார்கள். உடல் தேறாமலேயே அடுத்த ஏப்ரலில் கான் நகரில் அவர் இறந்தார்.

1947 மார்ச் 12 அன்று, கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு அமெரிக்கக் காங்கிரஸ் முன் நின்ற அதிபர் ட்ரூமனின் உரையில் அந்தச் சொல் மையமாக இருந்தது. இப்போது அது சுட்டியது மாஸ்கோவை. நாஜி ஜெர்மனியும் ஸ்டாலினின் ரஷ்யாவும் ஒரே வகை என்ற எண்ணம் அறிவுலகத்திலும் வேரூன்றியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. முகாம்களிலிருந்து மீண்டு வந்தவர்களே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த ஒப்புமை வெளியுறவுக் கொள்கையாகும்போது வேறொரு முடிவை இழுத்து வந்தது: ஹிட்லரோடு பேசிப் பயனில்லை என்றால் ஸ்டாலினோடும் அவருக்குப் பின் வருகிறவர்களோடும் பேசிப் பயனில்லை.

அந்த 40 கோடி டாலர் போய்ச்சேர்ந்த கிரீஸில் அதற்கு முன்பே நடந்திருந்தது இன்னும் கசப்பானது. 1944 டிசம்பர் 3 அன்று ஏதென்ஸின் சிந்தாக்மா சதுக்கத்தில், நாஜிகளை எதிர்த்துப் போராடிய இடதுசாரிகளின் ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டது. தொடர்ந்த சண்டையில் ஜெர்மானியருக்குத் துணைநின்ற 'பாதுகாப்புப் படைப்பிரிவு' ஆட்களைச் சிறையிலிருந்து எடுத்து அந்த இடதுசாரிகளுக்கு எதிராக அரசுத் தரப்பு பயன்படுத்தியது. நாஜிகள் ஏதென்ஸை விட்டுப் போய் இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை.

மறுபுறம் மாஸ்கோ 'பாசிஸ்ட்' என்ற சொல்லை நாளொரு எதிரிக்காக நீட்டியது. 1946 மார்ச்சில் ஃபுல்டன் உரைக்குப் பதிலாக 'பிராவ்தா'வுக்குக் கொடுத்த பேட்டியில் ஸ்டாலின் சர்ச்சிலை ஹிட்லரோடு ஒப்பிட்டார். 1956இல் புடாபெஸ்டின் தொழிலாளர்களும் மாணவர்களும் எழுந்தபோது அது பாசிஸ்ட் எதிர்ப்புரட்சி என்று அறிவிக்கப்பட்டது. 1961இல் பெர்லினைக் குறுக்கே வெட்டிய சுவரின் அதிகாரபூர்வப் பெயர் 'பாசிச எதிர்ப்புத் தடுப்பரண்'. அதன் கம்பிகளும் காவல் மாடங்களும் உள்ளிருப்பவர் வெளியேறாதபடிதான் அமைந்திருந்தன.

இந்தச் சொற்போரின் உச்சம் 1948. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் கோப்புகள் நுண்படச் சுருள்களாகத் துரிங்கியாவில் புதைக்கப்பட்டிருந்தன. 1945 மே மாதம் அவை நேசநாட்டுக் கைகளில் சிக்கின. 1939 இரகசிய நெறிமுறை அதில் இருந்தது. 1948 ஜனவரியில், பனிப்போர் முற்றிய வேளையில், அமெரிக்க வெளியுறவுத் துறை அவற்றை நூலாக வெளியிட்டது. பிப்ரவரியிலேயே 'வரலாற்றைத் திரிப்பவர்கள்' என்ற தலைப்பில் மாஸ்கோ பதில் வெளியிட்டது. ஸ்டாலின் தானே அதன் கைப்படியைத் திருத்தினார். அமெரிக்க வங்கிகள் ஜெர்மன் தொழிலுக்கு ஊட்டிய கடன், மியூனிக், மேற்கின் வஞ்சகம் எல்லாம் அதில் வந்தன. நெறிமுறை பற்றிய பேச்சு மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரின் பழைய கைகுலுக்கலை வெளிச்சத்தில் வைத்து, தன்னுடையதைப் பெட்டியில் பூட்டினார்கள்.

ஆட்கள்

டல்லஸ் 1953இல் சி.ஐ.ஏ. இயக்குநரானார். லெம்னிட்சர் 1960இல் அமெரிக்க முப்படைத் தலைவர்கள் குழுவின் தலைவரானார். வோல்ஃப் நியூரம்பர்க் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. லட்சக்கணக்கான யூதர்கள் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டதில் அவர் பங்குக்காக மேற்கு ஜெர்மன் நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டுத் தண்டனை விதித்தது 1964இல்தான்.

கிழக்கு முனையில் ஹிட்லருக்கு உளவுத் தகவல் தொகுத்த ரைன்ஹார்ட் கேலன், தன் கோப்புகளைப் பெட்டிகளில் மலையில் புதைத்துவைத்து, 1945 மே மாதம் அமெரிக்கரிடம் சரணடைந்தார். அந்தக் கோப்புகளே அவருக்கு வாழ்வு கொடுத்தன. 1956இல் அவர் அமைப்பு மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையாக மாறியது. சோவியத் படைபலம் பற்றி வாஷிங்டன் அறிந்தவற்றில் கணிசமான பகுதி, சோவியத் ஒன்றியத்தை அழிக்கக் கிளம்பியவர்களின் கண்கள் வழியாக வந்தது. அந்த அமைப்பில் சோவியத் எதிர் உளவுப் பிரிவை நடத்திய ஹைன்ஸ் ஃபெல்ஃபே, முன்னாள் எஸ்.எஸ். அதிகாரி, 1961இல் மாஸ்கோவின் ஒற்றராகப் பிடிபட்டார். பழைய நாஜிகளைப் பயன்படுத்துவதில் இரு தரப்புக்கும் கூச்சம் இருக்கவில்லை. லியோனில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்க வீரர்களைச் சித்திரவதை செய்த கெஸ்டபோ அதிகாரி கிளாஸ் பார்பியை அமெரிக்க இராணுவ உளவுப் பிரிவு 1951இல் பொலிவியாவுக்குத் தப்பவைத்தது. 1983இல் அமெரிக்கா அதற்காகப் பிரான்ஸிடம் வருத்தம் தெரிவித்தது.

ஏவுகணைகளின் கதையில் இந்தத் தொடர்பு இன்னும் நேரடியானது. வி-2 ஏவுகணைகளை மலைக் குடைவுக்குள் செய்த மிட்டெல்பாவ்-டோரா முகாமில் ஏறத்தாழ 60,000 கைதிகள் இருந்தார்கள். மூன்றில் ஒருவர் உயிரோடு வெளிவரவில்லை. அந்த ஏவுகணையை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுனின் குழு அமெரிக்காவுக்குப் போனது. 1946 அக்டோபர் 22 அன்று சோவியத் அதிகாரிகள் ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றினார்கள். 1948இல் பறந்த சோவியத் ஆர்-1 ஏவுகணை, வி-2இன் நகல். ஃபான் பிரவுனின் குழு ஹன்ட்ஸ்வில்லில் வடிவமைத்த ஜூபிட்டர் ஏவுகணைகளில் 15ஐ அமெரிக்கா துருக்கியில் நிறுத்தியது. 1962இல் கியூபாவில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணை வைக்கத் துணிந்ததற்கு அவை ஒரு காரணம்.

கியூபா நெருக்கடியின் பதின்மூன்று நாட்களில் மியூனிக் மறுபடி வந்தது. அது அதற்கு முன்பும் வந்திருக்கிறது. 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்ட செய்தி கேட்டு வாஷிங்டனுக்கு விமானத்தில் பறந்தபோது மஞ்சூரியாவும் எத்தியோப்பியாவும் ஆஸ்திரியாவும் தன் நினைவுக்கு வந்ததாக ட்ரூமன் எழுதியிருக்கிறார். 1962 அக்டோபர் 19 அன்று விமானப்படைத் தளபதி லீமே, உடனே குண்டு வீசத் தயங்குவது மியூனிக்குக்கு நிகரானது என்று அதிபர் கென்னடியின் முகத்துக்கு நேரே சொன்னார். கென்னடியின் தந்தை 1938இல் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, சேம்பர்லினை ஆதரித்தவர். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். கென்னடி குண்டு வீசவில்லை. துருக்கியிலிருந்து ஜூபிட்டர்களை எடுத்துவிடுவதாக மாஸ்கோவிடம் இரகசியமாக ஒப்புக்கொண்டார். ஊரறிய ஒப்புக்கொண்டால் அதையே மியூனிக் என்பார்கள். அந்தப் பேரம் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டதால், உறுதியாக நின்றதாலேயே வென்றோம் என்ற தவறான பாடத்தை அமெரிக்கா கற்றுக்கொண்டது. 1965 ஜூலையில் வியட்நாமுக்கு மேலும் படை அனுப்புவதாக அறிவித்த அதிபர் ஜான்சன், ஹிட்லரையும் மியூனிக்கையும் காரணம் காட்டினார். வியட்நாமில் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் அதைவிடப் பலமடங்கு வியட்நாமியரும் இறந்தார்கள். ஹோ சி மின் நாட்டு விடுதலைக்காகப் போராடியவர் என்பது அந்த ஒப்புமைக்குள் நுழையவே இடம் இருக்கவில்லை.

ஜூன் 22இன் பாடமும் அதேபோல் முதுமையடையாமல் இருந்தது. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. சில நாட்களில், மே 14 அன்று, வார்சா ஒப்பந்தம் பிறந்தது. 1961இல் நேட்டோ இராணுவக் குழுவின் தலைவரான அடால்ஃப் ஹாய்சிங்கர், 1941இல் ஜெர்மன் தரைப்படைத் தலைமையகத்தில் போர் நடவடிக்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். மாஸ்கோவில் இதைப் படித்தவர்களுக்கு வேறு பிரசாரம் தேவைப்படவில்லை. கிழக்கு ஜெர்மன் இராணுவத்தை உருவாக்கியவர்களிலும் ஹிட்லரின் தளபதிகள் இருந்தார்கள் என்பதை அவர்கள் படித்த பத்திரிகைகள் சொல்லவில்லை.

1981 மே மாதம் கே.ஜி.பி. தலைவர் ஆண்ட்ரபோவ், மேற்கு நாடுகள் திடீர் அணுத்தாக்குதலுக்குத் தயாராகின்றனவா என்று உலகமெங்கும் கண்காணிக்க ஆணையிட்டார். 'ரியான்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். லண்டனிலிருந்த ஒற்றர்கள் இரவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் எந்தெந்தச் சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும். இரத்த வங்கிகள் கொடையாளருக்குத் தரும் விலை உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் இரத்தக் கொடைக்குப் பணம் தருவதில்லை என்பது ஆணையை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. 1983 நவம்பரில் நேட்டோ நடத்திய 'ஏபிள் ஆர்ச்சர்' ஒத்திகையின்போது மாஸ்கோ உண்மையிலேயே அஞ்சியது. சில சோவியத் விமானப் பிரிவுகள் தயார்நிலைக்குக் கொண்டுவரப்பட்டன. 1941இல் கண்ணெதிரே வந்த எச்சரிக்கையை நம்பாதவர்களின் வாரிசுகள், நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, இல்லாத தாக்குதலுக்கு அறிகுறி தேடிக்கொண்டிருந்தார்கள்.

1989 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாலின்-ஹிட்லர் ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில், அதை எதிர்த்துப் பால்டிக் நாடுகளில் தாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ்வரை 600 கிலோமீட்டருக்கு மேல், இருபது லட்சம் பேர் அளவுக்குக் கைகோத்து நின்றார்கள். நவம்பர் 9 அன்று பெர்லினில் 'பாசிச எதிர்ப்புத் தடுப்பரண்' திறந்துவிடப்பட்டது. டிசம்பர் 24 அன்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவை, அலெக்சாந்தர் யாகவ்லேவ் தலைமையிலான குழுவின் அறிக்கையை ஏற்று, இரகசிய நெறிமுறை இருந்தது என்று ஒப்புக்கொண்டது. அப்போதும் மூலப்படி கிடைக்கவில்லை என்றே சொல்லப்பட்டது. 1992 அக்டோபரில், சோவியத் ஒன்றியமே இல்லாமல் போன பிறகு, மாஸ்கோவின் ஆவணக் காப்பகத்தில் முத்திரையிட்ட ஓர் உறைக்குள் அது இருந்தது. மோலட்டோவின் கையெழுத்தும் ரிப்பன்ட்ராப்பின் கையெழுத்தும் அருகருகே.